ஆங்கிலக் கதையில் 'அவள் பார்த்தாள்' படுத்தும் பாடு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆங்கிலத்தில் கதை எழுதும் தமிழர்களின் கைப்பிரதிகளில் வாக்கியங்கள் பெரும்பாலும் நன்றாகவே ஓடும். பாத்திரம் எதையாவது பார்க்கும் இடத்தில் மட்டும் தட்டும். இலக்கணப் பிழை என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இருக்காது, ஆனால் படிக்கிறவர் அந்த அறைக்கு வெளியே நின்றுவிடுவார். அந்தத் தட்டலைச் சரிசெய்யும் வழி கீழே, அறிகுறி வாரியாக. ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்கிற காரணம் முதலில் வரும். காட்சியையே திரும்ப எழுத வைக்கும் காரணம் கடைசியில் வரும்.

உதாரணத்துக்கு ஒரே காட்சி. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சவுத்வோல்டு என்ற சிற்றூர். பத்து வருடம் கழித்து அண்ணன் டேனியலின் வீட்டுக்கு வந்திருக்கிறாள் மார்த்தா. சமையலறை ஜன்னல் வழியே கடல். டிசம்பர் மாத மாலை.

## அறிகுறி 1: வரிக்கு வரி 'ஷி ஸா', 'ஷி நோட்டிஸ்டு'

முதல் சோதனை. கன்ட்ரோல்-எஃப் போட்டு 'ஸா', 'லுக்டு', 'நோட்டிஸ்டு', 'வாட்ச்டு', 'குட் ஸீ' ஐந்தையும் தேடுங்கள். ஒரு பக்கத்தில், அதாவது சுமார் 250 ஆங்கிலச் சொற்களில், மூன்று நாலுக்கு மேல் வந்தால் கை வைக்க வேண்டும். இது கைக்கணக்குதான், சட்டம் இல்லை.

பெரும்பாலும் காரணம் இது: ஆளை நிறுத்தியாகிவிட்டது, திரும்பத் திரும்பச் சொல்கிறோம். 'மார்த்தா ஜன்னலருகே போனாள்' என்று எழுதியதுமே வாசகர் அவள் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறார். அதன்பின் 'அவள் ஒரு படகைப் பார்த்தாள், அவள் ஒரு நாயைப் பார்த்தாள்' என்றால் அவரைத் தட்டி எழுப்பி, 'பார்ப்பது அவள், நீங்கள் இல்லை' என்று ஞாபகப்படுத்துவது போல. படகையே எழுவாயாக்குங்கள்: படகு கூழாங்கல்மேல் கவிழ்ந்து கிடந்தது, அதன் பக்கத்தில் நாய்.

வெட்டிய பிறகு வரும் பக்க விளைவு. 'ஷி ஸா'வை எடுத்த இடத்திலெல்லாம் 'தேர் வாஸ்' முளைக்கும். ஒரு களையைப் பிடுங்கி இன்னொன்றை நட்ட கதை. பொருளுக்கு அதற்குரிய வினையைக் கொடுங்கள். படகு 'லே', கோட்டு 'ஹங்', துடைப்பம் 'லீன்டு', கெட்டில் 'ஸாட்'. தமிழில் கிடந்தது, தொங்கியது, சாய்ந்திருந்தது என்று தானாக எழுதுகிறவர்கள்கூட ஆங்கிலத்துக்குப் போனதும் எல்லாவற்றையும் 'வாஸ்' ஆக்கிவிடுகிறார்கள்.

வெட்டக் கூடாத இடம். ஆங்கில எழுத்துப் பட்டறைகளில் இந்தச் சொற்களுக்கு ஃபில்டர் வேர்ட்ஸ், அதாவது காட்சியைப் பாத்திரத்தின் வழியே வடிகட்டித் தரும் சொற்கள், என்று பெயர். 1980களில் வந்த தன் எழுத்துக்கலை நூலில் அமெரிக்க நாவலாசிரியர் ஜான் கார்ட்னர் இந்தக் குறையைச் சொன்னபோது, தேவையில்லாத வடிகட்டல் என்றுதான் சொன்னார். பட்டறை வழியாகப் பரவும்போது 'தேவையில்லாத' உதிர்ந்துபோய், கண்ணில் பட்ட 'ஸா' எல்லாவற்றையும் வெட்டுகிற வழக்கம் வந்துவிட்டது. பார்ப்பதே நிகழ்ச்சியாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வெகுநேரம் தேடியது கடைசியில் கண்ணில் படும்போது. பார்த்தும் பார்க்காதது போலத் திரும்பும்போது. அவள் பார்க்கிறாள் என்பதை இன்னொருவர் கவனிக்கும்போது. டேனியல் கடிதத்தை மேசை இழுப்பறையில் செருகுவதை மார்த்தா பார்த்துவிட்டாள் என்றால், அங்கே 'ஷி ஸா' கதையைத் தாங்கும் தூண்.

செலவு பிடிக்கும் காரணம். எல்லாவற்றையும் வெட்டியபின் பத்தியில் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், அந்தப் பாத்திரத்துக்கு அங்கே பார்க்க ஒரு காரணமும் இல்லை. மேலே திருத்தாமல் அறிகுறி 7க்குப் போங்கள்.

## அறிகுறி 2: பார்க்கும் வினை பொருந்தாமல் உறுத்துகிறது

'ஷி வாஸ் ஸீயிங் தி ஸீ' என்று வந்தால் காரணம் நேரே தமிழ்தான். நமக்குப் 'பார்' என்ற ஒரே வினை மூன்று நாலு வேலை செய்யும். அதனால் ஆங்கிலச் சொல்லைத் தேடும் முன், அதே இடத்தில் தமிழில் என்ன எழுதுவீர்கள் என்று கேளுங்கள்.

*கடல் தெரிந்தது* என்று வந்தால் 'ஷி குட் ஸீ தி ஸீ', அல்லது வினையே இல்லாமல் கடலையே எழுதலாம். தொடர்ந்து தெரிந்துகொண்டே இருப்பதற்கு ஆங்கிலத்தில் 'குட் ஸீ'தான் இயல்பு; 'வாஸ் ஸீயிங்' இந்தப் பொருளில் வராது. *கடலைப் பார்த்தாள்*, வேண்டுமென்றே, என்றால் 'லுக்டு அட்'. *பார்த்துக்கொண்டிருந்தாள்*, என்ன நடக்கப்போகிறது என்று காத்து, என்றால் 'வாட்ச்டு' அல்லது 'வாஸ் வாட்ச்சிங்'. சட்டென்று கண்ணில் பட்டால் 'ஸா'.

'குட் ஸீ'யையும் 'ஸா'வையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பாருங்கள். 'ஷி குட் ஸீ ஏ லைட்' என்றால் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, அவள் கண்ணில் இருந்துகொண்டே இருக்கிறது. 'ஷி ஸா ஏ லைட்' என்றால் அந்தக் கணத்தில் தோன்றியது. அடுத்த வரியில் ஏதாவது நடந்தாக வேண்டும். பல பத்திகள் தொங்குவதற்குக் காரணம், 'ஸா' போட்டுவிட்டு அடுத்த வரியில் ஒன்றும் நடக்காததுதான்.

வினைக்குப் பின்னால் வரும் வினை. 'ஸா ஹிம் க்ராஸ் தி ரோட்' என்றால் சாலையைக் கடந்து முடித்ததுவரை அவள் பார்த்தாள். 'ஸா ஹிம் க்ராஸிங் தி ரோட்' என்றால் கடந்துகொண்டிருந்தான், முடித்தானா என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. துப்பறியும் கதையில் சாட்சி சொல்லும் இடத்தில் இந்த 'இங்' ஒன்றே கதையை மாற்றும்.

'ஸா தட்' வந்தால் நிறுத்திப் பாருங்கள். 'ஷி ஸா தட் ஹி வாஸ் டயர்டு' என்பது பார்வை இல்லை, புரிதல். களைப்பைக் கண்ணுக்குக் காட்ட நினைத்திருந்தால், ஒரு கை சட்டைக்குள் போகாமல் அவன் அப்படியே நின்றதைக் காட்டுங்கள். புரிந்தது என்று சொல்லத்தான் நினைத்தீர்கள் என்றால், இருக்கட்டும்.

அலங்காரச் சொற்கள். 'பியர்' என்றால் சரியாகத் தெரியாமல் கண்ணை இடுக்கிப் பார்ப்பது. 'க்ளான்ஸ்' ஒரு நொடிப் பார்வை. 'க்ளிம்ப்ஸ்' அரைகுறையாகக் கண்ணில் பட்டு மறைவது. 'க்ளேர்' கோபப் பார்வை. 'கேஸ்' நீண்ட நேரம், பெரும்பாலும் ஆசையோ வியப்போ கலந்தது. மின்சாரக் கட்டண ரசீதை யாரும் 'கேஸ்' செய்வதில்லை. சந்தேகமாக இருந்தால் 'லுக்டு' போட்டுவிட்டு நகருங்கள். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

## அறிகுறி 3: 'எந்தக் கத்தி? யார் அந்த ஆள்?' என்று படிப்பவர் கேட்கிறார்

இதைத்தான் பலரும் வெறும் இலக்கணம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பார்வையில் ஒரு பங்கை ஆங்கிலம் 'ஏ', 'தி' என்ற இரண்டு சொல்லில் ஒளித்து வைத்திருக்கிறது.

தமிழில் அந்த வேலையைப் பெரும்பாலும் சொல் வரிசையே செய்துவிடும். 'மேசைமேல் ஒரு கத்தி இருந்தது' என்றால் புதிதாகக் கண்ணில் பட்டது. 'கத்தி மேசைமேல் இருந்தது' என்றால் எந்தக் கத்தி என்று நமக்கு ஏற்கெனவே தெரியும், தேடிக்கொண்டும் இருந்திருப்போம். ஆங்கிலத்தில் முதலாவது 'ஏ நைஃப்', இரண்டாவது 'தி நைஃப்'. வரிசையை மட்டும் கொண்டுபோய் 'ஏ, தி'யைத் தோராயமாகப் போட்டால், மார்த்தா முதன்முறை பார்ப்பது ஏற்கெனவே தெரிந்ததாகவும், தெரிந்தது அந்நியமாகவும் ஆகிவிடும்.

சோதனை. காட்சியின் முதல் பக்கத்தை அச்செடுத்து, ஒவ்வொரு பொருளின் பெயரையும் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: கதவைத் திறக்கும் முன்பே இது இங்கே இருக்கும் என்று இந்தப் பாத்திரத்துக்குத் தெரியுமா? தெரியும் என்றால் 'தி'. தெரியாது என்றால் 'ஏ'. சமையலறை என்று சொல்லிவிட்டால் ஸிங்க், அடுப்பு, ஜன்னல் ஆகியவை எதிர்பார்க்கக்கூடியவை. முதல் முறையே 'தி' வாங்கும். படகு என்று சொன்னால் அதன் துடுப்பும் அப்படியே. சமையலறையில் சைக்கிள் நின்றால் 'ஏ'.

இதே சொற்களால் தூரத்தையும் காட்டலாம். இருட்டில் மேசையருகே யாரோ இருக்கிறார்கள்: முதலில் 'ஏ ஷேப்', பிறகு 'ஏ மேன்', பிறகு 'ஹெர் பிரதர்', கடைசியில் 'டேனியல்'. நாலு படிகளில் ஒரு ஆள் அடையாளம் தெரிகிறான். 'அவள் கண் இருட்டுக்குப் பழகியது' என்று எழுதத் தேவையே இல்லை. முதல் வரியிலேயே 'டேனியல் இருட்டில் உட்கார்ந்திருந்தான்' என்று எழுதிவிட்டு, மூன்றாம் வரியில் 'யாரோ இருப்பதைப் பார்த்து அவள் திடுக்கிட்டாள்' என்று சொன்னால் வாசகர் திடுக்கிடமாட்டார். அவருக்குத்தான் முன்பே சொல்லிவிட்டீர்களே.

கதையின் முதல் வரியிலேயே 'தி கீ வாஸ் கான்' என்று தொடங்குவது தவறில்லை. எந்தச் சாவி என்று மார்த்தாவுக்குத் தெரியும், நமக்கு இன்னும் தெரியாது. அந்த இடைவெளிதான் உள்ளே இழுக்கும். ஒரு பக்கத்துக்குள் சாவி எது என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

இன்னொரு காரணம்: பெயரைத் தவிர்க்கும் ஆசை. 'டேனியல்' என்று மூன்று முறை வந்துவிட்டதே என்று நாலாவது முறை 'தி டால் மேன்' என்று போடுவார்கள். சொந்த அண்ணனை மனத்துக்குள் 'அந்த உயரமான ஆள்' என்று யாரும் நினைப்பதில்லை. பெயரோ 'ஹி'யோ போதும்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும். வட்டமிட்டபின்னும் பக்கத்துக்கு ஐந்தாறு இடம் சந்தேகமாக இருந்தால் காப்பி எடிட்டரிடம், அதாவது மொழிப் பிழை திருத்துபவரிடம், கொடுங்கள். கொடுக்கும்போது எந்தப் பாத்திரத்துக்கு எது முன்பே தெரியும் என்று அரைப் பக்கக் குறிப்பு வையுங்கள். அது இல்லாமல் அவர் இலக்கணத்தை மட்டும்தான் பார்க்க முடியும்.

## அறிகுறி 4: தெரிய முடியாதது தெரிகிறது

அவளுடைய சொந்த முகம். மார்த்தாவின் கண் வழியே போகும் காட்சியில் 'அவள் கன்னம் சிவந்தது' என்று வந்தால், அதை யார் பார்த்தது? சூடு ஏறியதை அவளால் உணர முடியும், சிவப்பைப் பார்க்க முடியாது. நிறத்தை எடுத்துவிட்டு வெப்பத்தை வையுங்கள். இதைச் சமாளிக்கச் சுவரில் கண்ணாடி மாட்டி, அவளை அதன்முன் நிறுத்தி மூக்கு, முடி, கண்நிறம் எல்லாம் சொல்லவைப்பது பழைய தந்திரம். ஆங்கிலப் பதிப்பாளர்களுக்கு அது அலுத்துப் பல காலம் ஆகிறது.

ஜன்னல். வெளியே இருட்டு, உள்ளே விளக்கு. இந்த நிலையில் கண்ணாடியில் தெரிவது அவள் முகமும் பின்னாலிருக்கும் விளக்கும்தான். கரையில் கவிழ்ந்த படகு தெரியாது. ஊருக்கு நடுவே நிற்கும் சவுத்வோல்டின் கலங்கரை விளக்கு போன்ற பலமான ஒளி வேண்டுமானால் தெரியும். இரண்டு வழி: விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், அல்லது இரு கையையும் கண்ணுக்குப் பக்கத்தில் குவித்து நெற்றியைக் கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது மேல். அவள் எவ்வளவு ஆவலாகப் பார்க்கிறாள் என்பதும் அந்தச் செய்கையிலேயே வந்துவிடும்.

நேரமும் திசையும். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் டிசம்பரில் நாலு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஜூனில் ஒன்பது மணி தாண்டியும் இருக்கும். சென்னைப் பழக்கத்தில் ஆறரைக்கு அஸ்தமனம் வைத்தால் வருடத்தில் சில வாரம்தான் பொருந்தும். நம் ஊரில் சூரியன் மறைந்து இருபது இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடுகிறது. அங்கே ஜூன் மாத அந்தி முக்கால் மணி நேரம் நீளும். கிழக்கு நோக்கிய சவுத்வோல்டு கரையில் டிசம்பர் சூரியன் கடலுக்குள் இறங்காது, ஊருக்குப் பின்னால்தான் இறங்கும்.

நிறம். அந்தியில் முதலில் மங்குவது சிவப்பு; நீலமும் பச்சையும் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். நிலா வெளிச்சத்தில் நிறம் கிட்டத்தட்ட போய்விடும். நிலவொளியில் ஓடியவனின் கோட்டு சிவப்பு என்று அடையாளம் சொல்லும் சாட்சி பொய் சொல்கிறார், அல்லது எழுதியவர் கவனிக்கவில்லை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தவரின் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

தூரம். கடலோரத்தில் நிற்கும் சராசரி உயர ஆளுக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. 50 மீட்டர் உயரத்தில் நின்றால் 25 கிலோமீட்டர். கூர்மையாகத் தெரியும் பகுதியோ மிகச் சிறியது: கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு. அறைக்குள் நுழைந்த நொடியில் பன்னிரண்டு பொருளை மார்த்தா நுணுக்கமாகப் பார்த்துவிட முடியாததற்குக் காரணம் அதுதான்.

சோதனை. காகிதத்தில் அறையின் வரைபடம் போடுங்கள். கதவு, ஜன்னல், விளக்கு, மேசை, யார் எங்கே என்று குறியுங்கள். மார்த்தா நிற்கும் புள்ளியிலிருந்து ஸ்கேலால் கோடு போட்டால், டேனியல் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் கடிதம் அவளுக்குத் தெரியுமா என்பது பத்து நொடியில் புரியும்.

விளக்கை நகர்த்தினால் சரியாகிவிட்டால் மகிழ்ச்சி. பார்க்க முடியாத அந்த ஒரு பார்வையில்தான் கதையின் முடிச்சே தொங்குகிறது என்றால் இது விவரிப்புக் கோளாறு இல்லை, கதைக் கோளாறு. அவள் தப்பாகப் பார்த்தாள் என்று ஆக்க முடியுமா என்று யோசியுங்கள். பல நேரம் அது முதலில் இருந்ததைவிட நல்ல கதையாகிவிடும்.

## அறிகுறி 5: ஒரே பத்தியில் இரண்டு பேர் கண்

'மார்த்தா கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் கை நடுங்குவதைக் கண்ட டேனியலுக்குப் பழைய பயம் வந்தது.' முதல் வாக்கியம் அவள் பக்கம், இரண்டாவது அவன் பக்கம்.

சோதனை எளிது. பத்தியில் 'ஷி'யை எல்லாம் 'ஐ' ஆக்கிப் படியுங்கள். 'நான் அறியாமலே என் முகம் வெளிறியது' என்பது போல எந்த வாக்கியம் உளறுகிறதோ, கண் நழுவிய இடம் அதுதான். ஒன்றிரண்டு என்றால் அந்த வரியை வெளியிலிருந்து தெரிவதாக மாற்றுங்கள்: டேனியல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். அவன் பயந்தான் என்பதை வாசகர் தானே கண்டுபிடிப்பார்.

சிலர் தப்பிக்க 'ஸீம்டு'வைத் தெளிப்பார்கள்: அவன் பயந்ததாகத் தோன்றியது, அவன் யோசிப்பதாகத் தோன்றியது. அவளுக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் ஒன்று போதும். பக்கத்துக்கு மூன்று என்றால் அது காயத்தை மறைக்கும் கட்டு, மருந்து இல்லை.

எல்லாவற்றையும் அறிந்த கதைசொல்லியைத் தேர்ந்தெடுத்து எழுதுகிறவர்களுக்கு இந்த அறிகுறி பொருந்தாது. முதல் பக்கத்திலேயே அந்தக் குரல் வந்திருக்க வேண்டும். நாற்பதாவது பக்கத்தில் திடீரென்று வந்தால் அது தேர்வு இல்லை, வழுக்கல்.

## அறிகுறி 6: கண் தனியாகக் கழன்று நடக்கிறது

'ஹெர் ஐஸ் ட்ராவல்டு அக்ராஸ் தி ரூம்' போன்றவை ஆங்கிலத்தில் வழக்கில் உள்ளவைதான். ஆனால் அடுத்த வரியில் அந்தக் கண்கள் மேசைமேல் 'விழுந்து' அங்கேயே 'உட்கார்ந்தால்' சிரிப்பு வரும். 'ஐஸ்' என்பதைக் 'கேஸ்' என்று மாற்றுங்கள், அல்லது வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள்.

இதன் கூடப்பிறந்தது தொங்கும் 'இங்'. 'லுக்கிங் அவுட் ஆஃப் தி விண்டோ, தி ஸீ வாஸ் க்ரே': கடல் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறது. 'ஜன்னல் வழியே பார்த்தால் கடல் சாம்பலாக இருந்தது' என்பது தமிழில் குறையில்லாத வாக்கியம். 'பார்த்தால்' யாரையும் கட்டிப்போடாது. 'இங்' கட்டிப்போடும்: பின்னால் வரும் எழுவாய்தான் பார்த்தது என்று ஆகிவிடும். வாக்கியத் தொடக்கத்தில் 'இங்' வந்தாலே, கமாவுக்குப் பின் பாத்திரத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 7: எல்லாம் சரி, ஆனால் உயிரில்லை

பிழை எதுவும் இல்லை. மேசை, நாற்காலி, திரை, விளக்கு, சுவரில் படம், வரிசையாக இருக்கின்றன. வீட்டுத் தரகர் போட்ட பட்டியல் போல.

மலிவான காரணம்: வரிசை. இடமிருந்து வலமாக அறையைச் சுற்றிக் காட்டுவது கேமரா. மனிதக் கண் முதலில் ஆளைப் பார்க்கும், அசைவதைப் பார்க்கும், எதிர்பார்த்த இடத்தில் இல்லாததைப் பார்க்கும். பட்டியலை வெட்டி மூன்றே விவரம் வையுங்கள், அதில் ஒன்று இல்லாமல் போனதாக இருக்கட்டும். அம்மாவின் தேநீர்ப் பாத்திரம் நின்ற அலமாரித் தட்டில் இப்போது வெளிறிய வட்டம் மட்டும். பத்து வருடம் வராதவளுக்குத்தான் அது தெரியும்.

அடுத்தது: பார்ப்பவரின் தொழில் காணோம். அதே சமையலறையைத் தச்சர் பார்த்தால் கதவு இறங்கியிருப்பதைப் பார்ப்பார். செவிலியர் பார்த்தால் ஜன்னல் விளிம்பில் பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகளைப் பார்ப்பார். பத்தியிலிருந்து பெயரை அழித்துவிட்டு வேறொருவரிடம் படிக்கக் கொடுங்கள். பார்ப்பவர் யாராக இருக்கலாம் என்று ஊகிக்கவே முடியவில்லை என்றால் விவரங்கள் யாருக்கும் சொந்தமில்லை.

விலை அதிகமான காரணம்: தப்பான ஆள் பார்க்கிறார். காட்சியில் இழக்க ஒன்றும் இல்லாதவரின் கண்ணில் கதை ஓடுகிறது. ஒரே ஒரு பக்கத்தை, 250 சொல்லை, டேனியலின் கண் வழியே எழுதிப் பாருங்கள். பத்து வருடம் கழித்து வந்த தங்கையின் பார்வை அந்த வெளிறிய வட்டத்தில் நிற்பதை அவன் பார்க்கிறான். இந்தப் பக்கம் சிரமமில்லாமல் எழுந்தால் அத்தியாயத்தை மாற்றி எழுத வேண்டியதுதான். சொல் திருத்தத்தில் இது சரியாகாது.

இரண்டு மூன்று அத்தியாயத்தில் இதே சோதனை தோற்றால் வெளி ஆள் தேவை. தப்பான ஆளிடம் போனால் காசு வீணாகும். காப்பி எடிட்டர் 'ஏ, தி', தொங்கும் 'இங்' போன்றவற்றைப் பார்ப்பார். லைன் எடிட்டர் வாக்கியத்தின் ஓட்டத்தையும் 'ஷி ஸா'க்களையும் பார்ப்பார். யார் கண்ணில் கதை ஓட வேண்டும் என்று சொல்லக்கூடியவர் டெவலப்மென்டல் எடிட்டர். மூவரில் பொதுவாக அதிகம் கேட்பவரும் அவர்தான். அவரிடம் போகும் முன் காப்பி எடிட்டருக்குச் செலவு செய்யாதீர்கள், காப்பி எடிட்டர் திருத்திய பக்கங்களே பிறகு வெட்டுப்பட்டுப் போகலாம். முழு நாவலையும் ஒப்படைக்காமல் மாதிரித் திருத்தம் செய்து தருவாரா என்று கேளுங்கள். அனுப்ப வேண்டியது மெருகேறிய முதல் அத்தியாயம் இல்லை; நடுவில், இரண்டு பேர் ஒரே அறையில் இருக்கும், உங்களுக்கே பிடிக்காத பத்துப் பக்கம்.